பழைய ராணுவ ரைஃபிளைப் புதுத் தோட்டாவுக்கு மாற்றுவதற்கு முன்னால்

அமெரிக்காவில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ப் பழகிய நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஒரு பழைய மவுசர் மலிவாகக் கிடைத்தது, அதற்கான தோட்டா தேடி அலைய வேண்டியிருக்கிறது, பேசாமல் .308-க்கு மாற்றிவிடலாமா?" மவுசர் என்பது பழைய ஜெர்மன் வகை ராணுவ ரைஃபிள், .308 என்பது இன்றைய ஒரு தோட்டாவின் பெயர். மாற்றலாம். ஆனால் எல்லா மவுசரையும் மாற்றக் கூடாது. கேட்கிற எல்லோரும் குழலைப் பற்றியே பேசுகிறார்கள், குழலைக் கழற்றி வேறொன்று போட்டுவிடலாம், அது பெரிய விஷயமே இல்லை. வெடிப்பின் முழு உதையையும் வாங்கிக்கொள்வது ரிசீவரும் (குழல் திருகி நிற்கும் உலோக உடல்) போல்ட்டும்தான் (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டி நிற்கும் உருளை), அவை தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. கடைசல் வேலையை நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை, அது உரிமம் உள்ள கன்ஸ்மித்தின், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின், வேலை. அவரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் நீங்களே எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட மவுசரில் போல்ட்டின் முன்பக்கம் இரண்டு பூட்டுக் காதுகள் (ரிசீவரில் மாட்டிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் புடைப்புகள்), பின்பக்கம் பாதுகாப்புக்கு மூன்றாவது ஒன்று. பித்தளைக் கூடு கிழிந்து வாயு பின்னால் பாய்ந்தால், அதைக் கீழே மேகசின் (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) பக்கம் திருப்பிவிட போல்ட்டில் துளைகள் உண்டு, முகத்தைக் காக்கப் பின்னால் அகலமான விளிம்பும் உண்டு. இதற்கு முந்தைய 1893, 1895 மாடல்களில் மூன்றாவது காது கிடையாது, வாயுவைத் திருப்பிவிடும் ஏற்பாடும் மிகவும் குறைவு. ஸ்பெயினின் 1893, அதிலிருந்து வந்த 1916 குட்டை ரைஃபிள், சிலியின் 1895 எல்லாம் இந்த வகை. பார்க்க அழகானவை, கையில் லேசானவை, 7×57 (குண்டு 7 மிமீ விட்டம், கூடு 57 மிமீ நீளம்) தோட்டாவுக்காகச் செய்தவை. அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு இன்று வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 51,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .308-க்கு 62,000. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறை சுடும்போதும் நூறு வருஷத்துப் பழைய, வெளித்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகுதான் சுமக்கிறது.

"ஸ்பெயின் ராணுவமே அதை 7.62-க்கு மாற்றியதே" என்பார்கள், 7.62 என்பது .308-ஐ ஒத்த நேட்டோ ராணுவத் தோட்டா. உண்மைதான், 1916 ரைஃபிள்களை அப்படி மாற்றினார்கள், எஃப்ஆர்-7 என்ற குட்டை ரைஃபிளும் அதே பழைய ரிசீவரில் வந்ததுதான். அதன் அண்ணன் மாதிரி தோன்றும் எஃப்ஆர்-8 வேறு, அது 1943 மாடலின் 98 வகை ரிசீவர், அதில் எனக்குப் பயமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழலுக்குக் கீழே ஒரே மாதிரி உருளை தெரியும், நிறைய பேர் அதை வாயுக் குழாய் என்று நினைக்கிறார்கள், அது சுத்தம் செய்யும் சாமான் வைக்கும் டப்பாதான். வாங்கும்போது டப்பாவைப் பார்க்காதீர்கள், போல்ட்டை உருவிப் பின்பக்கம் மூன்றாவது காது இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 7.62 நேட்டோ தோட்டாவுக்கு 50,000, .308-க்கு 62,000, ஆகவே ஒன்று ரொம்ப மென்மை என்று சொல்வார்கள். அந்த 50,000 செம்பு நசுங்குவதை வைத்து அளந்த பழைய முறை, 62,000 மின் உணரியில் அளந்தது, இரண்டும் வேறு வேறு அளவுகோல். நேரடியாகக் கழித்துப் பார்க்கக் கூடாது. அதனால் "நேட்டோ தோட்டாதானே, 1893 ரிசீவருக்கு ஒன்றும் ஆகாது" என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் .308-க்கு மாற்றிய 1916 ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். விற்றவர் "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்றார். ரேஞ்சில் இருபது ரவுண்டு சுட்டேன், வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலிக் கூடுகளை விளக்கடியில் உருட்டிப் பார்த்தபோதுதான் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு வளையம் இருந்தது. கன்ஸ்மித் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) அளவுக் கட்டையான கேஜ் வைத்தார், மூன்று கேஜிலும் போல்ட் மூடியது, மூடவே கூடாத பெரியதிலும். குழலைக் கழற்றி, ரிசீவருக்குள் பூட்டுக் காது உட்காரும் இடத்தைக் காட்டினார். அங்கே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி இடறியது. காது அடித்து அடித்து எஃகையே பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. அந்த ரைஃபிளை அதோடு சுவரில் மாட்டிவிட்டேன்.

அந்த வளையத்தை எப்படிச் சோதிப்பது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், செலவே இல்லை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் லேசாக வளைத்து, சுட்ட கூட்டுக்குள் அடிவரை விடுங்கள், உள்சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். அடியைத் தாண்டியதும் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால், சுவர் அங்கே மெலிந்துவிட்டது, அந்த இடத்தில்தான் கூடு இரண்டாகப் பிரியும். காரணம் இதுதான்: ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அதிகமாக இருந்தால் ஊசி தட்டும்போது தோட்டா முன்னால் போய் நிற்கும், வெடித்ததும் மெல்லிய முன்சுவர் சேம்பரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தடித்த அடிப்பாகம் மட்டும் போல்ட் வரைக்கும் பின்னால் நீளும். நீள்வது பித்தளை, அதற்கு ஓர் அளவு உண்டு.

ஹெட்ஸ்பேஸை அளக்கும் கேஜ் விஷயத்தில் .308-க்கு மூன்று எண்கள். 'கோ' 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634, 'ஃபீல்டு' 1.638. போல்ட்டிலிருந்து ஊசியையும் கூட்டை இழுக்கும் கொக்கியையும் எடுத்துவிட்டு, ஒரே விரலால், அழுத்தாமல் மூட வேண்டும். கோ-வில் மூட வேண்டும், புதிதாக மாற்றிய ரைஃபிள் நோ-கோவில் மூடக் கூடாது, ஃபீல்டிலும் மூடினால் அதைச் சுடாதீர்கள். ஒரு தடவை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். முதல் ஐம்பது ரவுண்டுக்குப் பிறகு மறுபடி அளந்தால் எண் வளர்ந்திருக்கிறதா என்று தெரியும். வளர்ந்திருந்தால் ரிசீவர் இளகுகிறது என்று அர்த்தம்.

சரி, ரிசீவர் நல்ல 98 வகை, துரு அரிக்கவில்லை, தொலைநோக்கிக்காக யாரும் கண்டபடி துளை போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் எந்தத் தோட்டா? 8×57, 7×57, .30-06, .308 எல்லாவற்றின் அடிப்பாகமும் ஏறத்தாழ ஒரே விட்டம், அதனால் போல்ட்டின் முகத்தைத் தொடவே வேண்டியதில்லை. மவுசரை மாற்றுவது எளிது என்று பெயர் வந்ததே இதனால்தான். இஸ்ரேல் ஜெர்மன் கார்98கே ரைஃபிள்களை 7.62-க்கு மாற்றி, கட்டையில் பெரிதாக 7.62 என்று சுட்டுப் பொறித்தது. .303 லீ-என்ஃபீல்டும் ரஷ்ய மோசின்-நாகாண்டும் விளிம்புள்ள தோட்டா, போல்ட் தலை, கொக்கி, மேகசின் எல்லாம் மாற வேண்டும். நம் ஊர் இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களைக் காட்டி "லீ-என்ஃபீல்டும் 7.62 தாங்குமே" என்று வாதாடாதீர்கள். அவை பழைய .303-ஐ மாற்றியவை இல்லை, 1962 சீனப் போருக்குப் பிறகு மேலான எஃகில் 7.62-க்கென்றே புதிதாகச் செய்தவை. பழைய எண் 1 மார்க் 3 லீ-என்ஃபீல்டு வைத்திருப்பவர்கள் .303-லேயே இருங்கள்.

சேம்பரை மட்டும் மாற்றலாமா, புதுக் குழலே போட வேண்டுமா? 8×57 குழல் நல்ல நிலையில் இருந்தால் சேம்பரை நீளமாகக் குடைந்து 8 மிமீ-06 (.30-06 கூட்டில் 8 மிமீ குண்டு) ஆக்குவது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பரவலாக நடந்தது. வீரர்கள் மவுசர்களைக் கொண்டுவந்தார்கள், 8 மிமீ தோட்டா அரிது, .30-06 கூடோ கொட்டிக் கிடந்தது. ஆனால் இன்று அதற்குக் கடையில் தோட்டா கிடையாது, நீங்களே கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து ரீலோடு செய்ய வேண்டும். .308 வேண்டுமென்றால் குழல் புதிதாகத்தான் வேண்டும், 8 மிமீ துளையின் விட்டம் .323 அங்குலம், உங்களுக்கு வேண்டியது .308, அகலமானதை யாரும் குறுக்க முடியாது. குழலைத் துளைத்து உள்ளே ஓர் உறையைச் செருகும் வழியும் உண்டு, சிலியில் 1895 ரைஃபிள்கள் சிலவற்றை அப்படித்தான் மாற்றினார்கள். அமெரிக்கக் கடற்படை கேரண்டு என்ற .30-06 ரைஃபிள்களை 7.62-க்கு மாற்ற சேம்பருக்குள் உறை போட்டது, அது சுட்ட கூட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது, கடைசியில் புதுக் குழல் போட்டுத்தான் சரிசெய்தார்கள். என் கருத்து: உறை வேண்டாம், புதுக் குழல் போடுங்கள்.

மேகசினைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 8×57 முழுத் தோட்டாவின் நீளம் 82 மிமீ, .30-06-க்கு கிட்டத்தட்ட 85, .308-க்கு 71. குட்டைத் தோட்டா என்றால் ஒரு தடுப்புக்கட்டை போதும். நீளத் தோட்டா என்றால் பெட்டியை நீட்டி, தோட்டா ஏறும் சரிவையும் கொஞ்சம் வெட்ட வேண்டும், அந்தச் சரிவுக்குப் பக்கத்தில்தான் கீழ்க் காது உட்காருகிறது. அங்கே எடுக்கிற ஒவ்வொரு துணுக்கும் தாங்கும் இடத்திலிருந்து போகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே 98 மவுசரில் நான் .308-ஐச் சொல்வேன், .30-06-ஐச் சொல்ல மாட்டேன்.

சட்டம்: அமெரிக்காவில் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இதை வெறும் தகவலாகப் படியுங்கள், 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றுவதற்கே தனி உரிமம் வேண்டும்.

இன்னொன்று, பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் எல்லாம் ஒத்துப்போகிற, கட்டை வெட்டப்படாத அசல் ரைஃபிள் கையில் இருந்தால் தயவுசெய்து மாற்றாதீர்கள். யாரோ ஏற்கெனவே வெட்டி வேட்டை ரைஃபிளாக்கியது சந்தையில் நிறைய இருக்கிறது, அதை வாங்கி மாற்றுங்கள்.

யாரோ மாற்றியதை வாங்கினீர்கள், குழலில் எதுவும் எழுதவில்லை என்றால் சுடாதீர்கள். செரோசேஃப் என்ற உலோகம் கொதிநீரை விடக் குறைந்த சூட்டிலேயே உருகும். கன்ஸ்மித் அதைச் சேம்பரில் ஊற்றி எடுத்து, ஊற்றிய ஒரு மணி நேரம் கழித்து அளப்பார், அப்போது அச்சின் அளவும் சேம்பரின் அளவும் ஒன்றாக இருக்கும். 8×57 என்ற பழைய முத்திரையோடு உள்ளே 8 மிமீ-06 இருந்தால், 8×57 தோட்டா அழகாக உள்ளே போகும், தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) முட்ட இடமில்லாமல் கூடு கிழியும். ஆகவே உங்கள் ரைஃபிளை மாற்றி முடித்ததும், கூலி கொடுப்பதற்கு முன்னால், புதுத் தோட்டாவின் பெயரைக் குழலில் வெளியே தெரிகிற இடத்தில் பொறித்துவிட்டாரா, பழைய பெயரை அடித்துவிட்டாரா என்று கையில் வாங்கிப் பாருங்கள்.