ஹோடனோஷோனி நன்றியுரையை வாசிப்பது எப்படி?

பூர்வகுடி இலக்கியத்தில் சூழலியலைத் தேடுபவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இந்த உரையைத்தான். இன்றைய நியூயார்க் மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட ஆறு இனங்களின் கூட்டமைப்பு ஹோடனோஷோனி. நீர், மீன், விண்மீன் என ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லும் இந்த உரையைத்தான் அவர்கள் கூடிப் பேசும்போது முதலில் சொல்வார்கள்.

படி 1: மோஹாக் (அந்த ஆறு இனங்களில் ஒன்றின் மொழி), ஆங்கிலம் இரண்டிலும் 1993-இல் வந்த சிறுநூல் போதும். அச்செடுத்துக்கொள்ளுங்கள்; கைப்பேசியில் படித்தால் விரல் தானாகத் தள்ளிக்கொண்டே போகும்.

படி 2: வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு பகுதியும் 'இப்போது நம் மனங்கள் ஒன்று' என்று முடியும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். கேட்பவர்கள் ஆமோதித்த பிறகுதான் அடுத்த நன்றி.

படி 3: பலரும் தடுமாறும் இடம் இது. இயற்கை வருணனை என்று நினைத்து வாசித்தால் ஒன்றும் பிடிபடாது. பென்சிலால் நெடுக்கே கோடிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்திகள் போடுங்கள்: யார்? அவர்களுக்கு என்ன வேலை? மீன்களுக்கு நீரைச் சுத்தமாக்கும் வேலை. உரை 'தாத்தாக்கள்' என்று அழைக்கும் இடிமுழக்கங்களுக்கு மழை கொண்டுவரும் வேலை. அப்புறம் உரையின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். மனிதருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது: ஒருவரோடொருவரும் எல்லா உயிர்களோடும் இசைந்து வாழ்வது. பட்டியலில் மனிதர் எசமானர் இல்லை, கடமை உள்ள இன்னொருவர். 'நிலைத்த வளர்ச்சி' பற்றிய எத்தனையோ அறிக்கைகளில் எனக்குக் கிடைக்காத தெளிவு இது.

(பின்சேர்க்கை: விண்மீன்களுக்கு எதிரே என்ன எழுதுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். தோட்டங்களுக்குப் பனித்துளி கொண்டுவருவதும் இரவில் வழிகாட்டுவதும் அவற்றின் வேலை.)

படி 4: உரையை ஓர் இடத்தோடு சேர்த்து வாசியுங்கள். நான் சொல்வது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒனண்டாகா ஏரி. கூட்டமைப்பு உருவானதாக அவர்கள் போற்றும் கரை அது. ஆலைக் கழிவாக வந்த பாதரசத்தால் 1970-இல் அங்கே மீன்பிடிக்கத் தடை வந்தது. நீரைச் சுத்தமாக்க வேண்டிய மீனே நஞ்சானது என்றால், அந்த இரண்டாம் பத்தியில் என்ன எழுதுவீர்கள்?

2005-இல், ஆறு இனங்களில் ஒன்றான ஒனண்டாகா மக்கள் தொடுத்த நில உரிமை வழக்கின் மனுவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணில் வாழும் எல்லோருக்கும் தங்களுக்கும் இடையிலான காயம் ஆற வேண்டும் என்றுதான் அது தொடங்குகிறது. 2010-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. அந்த மனுவுக்கும் அதே இரண்டு பத்திகளைப் போட்டுப் பாருங்கள்.