சீட்டில் இருக்கும் லித்தியம் ரத்தத்தில் இருக்கிறதா?

போன வாரம் ஓபியில் முதலாமாண்டு முதுநிலை மாணவி ஒருவர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார். "பைபோலார் டிப்ரெஷன் சார். லித்தியம் 800 போயிட்டிருக்கு. செர்ட்ராலின் 50 சேர்த்திரலாமா?" பைபோலார் என்பது மேனியா என்ற கட்டுக்கடங்காத எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய். லித்தியம் மனநிலையைச் சமமாக வைக்கும் மருந்து, அதாவது மூட் ஸ்டெபிலைசர். செர்ட்ராலின் மனச்சோர்வு மாத்திரை, அதாவது ஆண்டிடிப்ரசன்ட். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்ற லெவலைக் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேட்டேன். தாள்களைப் புரட்டினார். 8 மாதம் ஆகியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதே போல ஒரு தாளோடு நின்றவன்தான். அன்று என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மேனியா வந்த ஒருவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்பது தேர்வுக்குப் படித்த எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மூட் ஸ்டெபிலைசர்தான் ஓடுகிறதே என்ற தைரியத்தில் மேலே ஒன்றைச் சேர்க்கும்போது நடக்கும் தவறுகளைத்தான் சொல்ல வந்தேன்.

லெவல் பார்க்காமல் சேர்ப்பது

படிப்பு முடித்த இரண்டாம் வருடம். பாத்திரக்கடைக்காரர் ஒருவர், வயது நாற்பதுக்கு மேல். இரண்டு முறை மேனியாவில் அட்மிட் ஆனவர், அப்புறம் மூன்று வருடம் லித்தியத்தில் நன்றாக இருந்தார். திடீரென்று கடைக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். லித்தியத்தை அப்படியே தொடரச் சொல்லி எஸ்சிடலோபிராம் என்ற ஆண்டிடிப்ரசன்ட்டை எழுதினேன். மூன்றாவது வாரம் முகம் தெளிந்தது. ஏழாவது வாரம் நான்கு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கடையைத் திறந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் குத்துவிளக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். பஸ் வாங்கப் போகிறேன் என்று வீட்டுப் பத்திரத்தை மூன்று வட்டிக்கு அடமானம் வைத்துவிட்டார். அன்றுதான் லெவல் அனுப்பினேன். 0.1-க்கும் கீழே என்று வந்தது. ரத்தத்தில் லித்தியமே இல்லை என்று அர்த்தம்.

"தினமும் மாத்திரையை என் கையாலதான் சார் குடுத்தேன்" என்று அவர் மனைவி அழுதார். அந்தம்மா பொய் சொல்லவில்லை. கை நடுக்கத்தில் தராசைப் பிடிக்க முடியவில்லை என்று அவர் நான்கு மாதம் முன்பே லித்தியத்தை விட்டுவிட்டார். டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார். அந்தம்மா கொடுத்ததெல்லாம் நான் புதிதாக எழுதிய மாத்திரை. லித்தியம் போனதால் வந்த சோர்வுக்கு, லித்தியம் இல்லாத உடம்பில், தனி ஆண்டிடிப்ரசன்ட்டைக் கொடுத்திருக்கிறேன். எதைச் செய்யக் கூடாது என்று படித்தேனோ அதையே, தெரியாமலேயே, செய்துவிட்டேன். அந்த வீடு கைமாறிப் போனது. ஒரு சிரிஞ்ச் ரத்தம் எடுத்திருந்தால் போயிருக்காது. இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை.

இது ஏதோ ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று நினைக்காதீர்கள். லித்தியம் நன்றாக வேலை செய்தால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இவை மட்டும் தெரியும். ஆண்டிடிப்ரசன்ட் வேலை செய்தால் மனசு லேசாவது அவருக்கே தெரியும். இரண்டில் எதை விடுவார்? ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு இதைத்தான் எண்ணிக்கையில் காட்டியது. ஆண்டிடிப்ரசன்ட்டை மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் 3 மாதங்களில் மேனியா வரும் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு. மூட் ஸ்டெபிலைசரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. ஆக, நமக்கு இருக்கும் பாதுகாப்பெல்லாம் அந்த முதல் மாத்திரை வயிற்றுக்குள் போவதில்தான் இருக்கிறது.

லெவலைச் சரியாகப் பார்க்கவும் வேண்டும். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடும் முன் எடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து மதியம் எடுத்த ரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். டெஸ்டுக்கு முந்தின சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் போன மாதம் எத்தனை அட்டை வாங்கினீர்கள் என்று கேளுங்கள், அட்டைகளைக் கொண்டு வரச் சொல்லுங்கள். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபினாக் லித்தியத்தை ஏற்றிவிடும். அந்த நேரத்து லெவலைப் பார்த்து அளவைக் குறைத்துவிட்டு, வலி மாத்திரை நின்றபின் திரும்பப் பார்க்காமல் விட்டால், அதுவும் சீட்டில் மட்டும் இருக்கும் காகித லித்தியம்தான்.

லெவல் 0.4 என்று குறைவாக வந்தால் இரண்டாவது மாத்திரையை மறந்துவிடுங்கள். சிறுநீரகம் சரியாக இருந்தால் லித்தியத்தை 0.8-ஐ ஒட்டிக் கொண்டுவந்து, சில வாரம் பொறுங்கள். நடுக்கம் என்றால் நடுக்கத்துக்கு வைத்தியம் செய்யுங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தைராய்டை மறப்பது

லித்தியத்தில் இருப்பவர் மந்தமாகி, எடை போட்டு, எப்போதும் தூங்கினால் முதலில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை.

கலப்பு நிலையைச் சோர்வு என்று எழுதுவது

"செத்துப்போயிடலாம்னு இருக்கு டாக்டர்" என்கிறார். நாம் டிப்ரெஷன் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் உட்கார முடியாமல் நடந்துகொண்டே சொல்கிறார், சொல்லுக்குச் சொல் எரிந்து விழுகிறார், மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார், தலைக்குள் எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சோர்வும் மேனியாவும் ஒன்றாகக் கலந்த நிலை இது. சாகவேண்டும் என்ற எண்ணமும் அதைச் செய்து முடிக்கும் வேகமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இங்கே ஆண்டிடிப்ரசன்ட் எரிகிற அடுப்பில் எண்ணெய். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

வென்லாஃபாக்ஸினும் ட்ரைசைக்ளிக்கும்

இந்த ஆண்டிடிப்ரசன்ட்கள் முதல் தேர்வாக வேண்டாம். தலைவலிக்கு வேறொரு டாக்டர் எழுதிய அமிட்ரிப்டிலின் என்ற ட்ரைசைக்ளிக் ஏற்கெனவே ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

அதிகம் எதிர்பார்ப்பது

அமெரிக்காவில் ஸ்டெப்-பிடி என்ற பைபோலார் ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. மூட் ஸ்டெபிலைசரில் இருந்த 366 பேரில் ஒரு பாதிக்குப் பராக்ஸெடின் அல்லது புப்ரோபியான், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. நிலைத்த குணம் கண்டவர்கள் ஆண்டிடிப்ரசன்ட் பக்கம் 23.5 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 27.3. மேனியாவுக்குத் தாவியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அதற்காக யாருக்குமே உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு இதே மாத்திரையில் நன்றாகத் தேறியவர்கள் எனக்கே இருக்கிறார்கள். ஆனால் பைபோலார் சோர்வுக்கு க்வெட்டியாபின் 300, லுராசிடோன், மெதுவாக ஏற்றும் லாமோட்ரிஜின் எல்லாம் கையில் இருக்க, பழக்கத்தில் கை செர்ட்ராலினை எழுதுவதை நிறுத்த வேண்டும்.

ஆண்டிடிப்ரசன்ட்டை எப்போது நிறுத்துவது என்று எழுதாமல் விடுவது

அடுத்த முறை வேறொரு டாக்டர் பார்ப்பார், "ரிப்பீட் ஆல்" என்று எழுதுவார், ஆறு வருடம் ஓடும். கனடா, தென்கொரியா, இந்தியா மூன்றிலும் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், குணமானபின் ஆண்டிடிப்ரசன்ட்டை 8 வாரத்தில் நிறுத்தியவர்களையும் 52 வாரம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. தொடர்ந்தவர்களிடம் சோர்வு திரும்புவது குறைவாகவும் மேனியா சற்று அதிகமாகவும் தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே கெடு வைக்க முடியாது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். முன்பு எந்தப் பக்கம் அதிகம் விழுந்தார் என்று பார்த்து, எந்த மாதம் மறுபடி யோசிப்பது என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள். நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்துங்கள். நோயாளிகள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

எந்த மாத்திரை எதற்கு என்று வீட்டில் சொல்லாதது

இப்போது ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்கிறேன்: "இதுதான் அஸ்திவாரம். இதை நிறுத்தினேன்னு அவர் சொன்னா எனக்கு போன் பண்ணுங்க. இதை நிறுத்திட்டு அதை மட்டும் கொடுக்கவே கூடாது." தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல் இரண்டு நாள் இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறேன்.

பாத்திரக்கடைக்காரரின் மனைவி மூன்று மாதம் முன்பு அழைத்தார். "சார், நேத்து மூணு மணிக்கே எழுந்து கடைக்கணக்கு பாக்குறார். கேட்டா நல்லாத்தான் இருக்கேங்கிறார். அட்டையை எண்ணிட்டேன், ஆறு மாத்திரை மிச்சமிருக்கு." அன்று காலையிலேயே வரச் சொன்னேன்.