மணல் மேட்டில் கூட்டாக ஜீப் ஓட்டப் போறீங்களா?

திருகோணமலையில் இருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், லீவு நாளில் நாலைந்து ஜீப்பாகப் பாலைவனத்துக்குள் இறங்கும் தம்பிமாருக்கு இது. நிலாவெளிக் கடற்கரையின் ஈரமணல் இறுகி நிற்கும். பாலைவனத்துக் காய்ந்த மணல் டயரை விழுங்கும்.

தார் ரோட்டை விட்டதுமே டயரில் உள்ள 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றை 15 அளவுக்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் தட்டையாகி, வண்டியின் பாரம் பரவும். ஆனால் அதன்பிறகு சடாரென ஸ்டியரிங்கை வெட்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றடிக்கும் பம்பும் கட்டாயம் வேண்டும்; குறைந்த காற்றோடு ரோட்டில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

அனுபவசாலிகள் முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர். ஒரு மேட்டில் ஒரு நேரம் ஒரு வண்டிதான். முன்னால் போனவர் உச்சியைத் தாண்டி விலகிவிட்டார் என்று வோக்கிடோக்கியில் சொல்லும்வரை ஏறவே வேண்டாம். மறுபக்கம் நிற்பவர் உங்களுக்குத் தெரியமாட்டார், அங்கேதான் மோதுவது. வண்டியில் உயரக் கொடி கட்டுவது இதற்குத்தான்.

நிறுத்தும்போது பிரேக்கை அமத்தாமல், இறக்கத்தைப் பார்த்தபடி தானாக உருண்டு நிற்க விடுங்கள்.

புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் தோண்டும். சில்லைச் சுற்றி மணலை அள்ளி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள். இழுப்பதென்றால் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிரெய்லர் கொளுவும் இரும்பு உருண்டையில் கட்டினால் அது உடைந்து குண்டுபோலப் பறக்கும், ஆளைக் கொல்லும்.