கல்லுக் கரையில் உளுவை பார்க்கும் முறை

பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை, கீரிமலை வரை நீளும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் பல இடங்களில் மணலைவிடச் சுண்ணாம்புக் கல்லே மிகுதி. கடல் வற்றும்போது அந்தக் கல்லில் அலை அரித்த குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அவற்றின் அடியில், பெரும்பாலும் விரல் நீளத்தைத் தாண்டாத, கல்லின் நிறத்தையே தன் மேல் பூசிக்கொண்ட உளுவை படுத்திருக்கும். கறிக்கு உதவாத சிறுமீன் என்பதால் எவரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்டுவதற்கு இதைவிட நல்ல மீன் எங்கள் கரையில் இல்லை என்றே நான் எண்ணுகிறேன்.

எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால், நாளைத் தெரிந்தெடுப்பது முக்கியம். முழுநிலவு நாளான பறுவத்தையோ அமாவாசையையோ அடுத்த ஓரிரு நாட்களில் தண்ணீர் நன்றாக இறங்கும். முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே கரையில் நிற்க வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் வடகடல் அமைதியாக இருக்கும். வாடை எழும்பிய நாட்களில் அலை கல்லின் மேல் ஏறி அடிக்கும் என்பதால் அப்போது போகவே வேண்டாம். பாசி வழுக்கும், சிப்பியின் விளிம்பு காலை வெட்டும். ஆகவே அடி தடித்த செருப்பு அவசியம்.

குழியைக் கண்டவுடன் குனிந்து பார்க்கக் கூடாது. உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால், கொக்கு வந்துவிட்டது என்பதுபோல் மீன் கல்லிடுக்கில் மறைந்துவிடும். வெயிலை முகத்துக்கு நேரே வைத்து, சற்று எட்டக் குந்தியிருந்து, ஐந்து நிமிடம் அசையாமல் காத்திருங்கள். முதலில் தெரிவது தலையின் மேற்புறத்தில் புடைத்து நிற்கும் இரு கண்கள். பின்னர் அது ஒரு முழ தூரம் விருட்டென்று ஓடி, மீண்டும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும்.

அதே குழியில் அதே அளவில் வேறொரு மீனும் இருக்கும். முதுகு நெடுக ஒரே நீண்ட செட்டை இருந்தால் அது உளுவை அன்று. உளுவைக்கு முதுகில் இரண்டு தனித்தனிச் செட்டைகள் உண்டு. எங்கள் கல்லுக் குழிகளில் வாழும் வகையில், கன்னத்துக்குப் பின்னுள்ள செட்டையின் மேல் நுனி பட்டு நூல்போல் பிரிந்திருக்கும். ஐயம் தீர ஒரே வழி, அதன் வயிற்றைப் பார்ப்பது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலைக் குழித் தண்ணீருக்குள் சரித்துப் பிடித்து, மறு கையால் மீனை மெதுவாக அதற்குள் ஓட்டுங்கள். அது போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டதும் வெளியிலிருந்து பாருங்கள்: வயிற்றுச் செட்டைகள் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து, சிறு கிண்ணம்போல் கண்ணாடியைக் கவ்வியிருக்கும். அலை இழுக்கும்போது மீன் கல்லை விடாதிருப்பது இந்தக் கிண்ணத்தால்தான். போத்தல் தண்ணீர் வெயிலில் விரைவாகச் சூடேறும் என்பதால், இரண்டு நிமிடத்துக்குள் மீனை விட்டுவிட வேண்டும்.

எடுத்த குழியிலேயே விட வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். இதன் அத்திலாந்திக் உறவு மீன் ஒன்றை ஆராய்ந்த லெஸ்டர் அரன்சன் என்பவர், அது பெருக்கின்போது பாறையின் மேல் நீந்தி மேடுபள்ளங்களை மனத்தில் பதித்துக்கொள்கிறது என்றும், வற்றிய பின் அந்த நினைவைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத அடுத்த குழிக்குக் குறி தவறாமல் பாய்கிறது என்றும் 1951 இல் எழுதினார். இடத்தை இப்படி அறிந்து வாழும் இனத்து மீனை வேறிடத்தில் விடுவது நல்லதன்று.

தளர்ந்து கிடக்கும் கற்களைப் புரட்டுவதாயின், ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். கல்லின் அடிப்புறத்தில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் நுண்ணிய மணிகள் உளுவையின் முட்டைகளாக இருக்கலாம். முட்டைகளுக்குக் காவல் இருப்பது ஆண் மீன். சிறுவயதில் நான் அத்தகைய கல்லொன்றைப் புரட்டி, வானம் பார்க்கப் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் முட்டைகள் வெயிலில் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிக் கிடந்ததைக் கண்டேன். அதன்பின் உயர்த்திய கல்லை, உயர்த்திய கை எடுபடுவதற்கு முன்பே, இருந்த பக்கம் இருந்தபடி இறக்கி வைத்துவிடுகிறேன்.