முதல் றிமோட் ட்ரிஃப்ட் கார்: எதைப் பார்த்து வாங்குவது

திருகோணமலையில் எங்கள் வீட்டுச் சீமெந்து முற்றத்தில்தான் நான் ட்ரிஃப்ட் பழகினேன், அதாவது றிமோட் காரை வளைவில் பக்கவாட்டாக வழுக்கவிட்டு ஓட்டுவது. முதலில் வாங்கியது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் கார். ஒரு வளைவைக்கூட முடிக்காமல் சுழன்று சுழன்று நின்றது. இரண்டு வாரம் அதைத் தொடவே மனம் வரவில்லை. அதனால் சொல்கிறேன், முதல் கார் நான்கு சக்கரமும் இழுப்பதாக இருக்கட்டும். பின்சக்கர வகைதான் வேண்டுமென்றால் ஜைரோ என்ற சிறு கருவி கட்டாயம். பின்பக்கம் வழுக்கும்போது முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக் கொடுப்பது அதுதான்.

அளவு 1/10 எடுங்கள், அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. தமியா நிறுவனத்தின் டிடி-02டி (TT-02D) நல்ல தொடக்கம்: நான்கு சக்கர இழுவை, மோட்டாரின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோக பெல்ட்டுக்குப் பதில் தண்டு, கியர்கள் மூடிய பெட்டிக்குள். நம் ஊர் மணலுக்கு அந்த மூடிதான் முக்கியம். ஆனால் அது கிட், நீங்களே பூட்ட வேண்டும். றிமோட், பற்றரி, சார்ஜர் எல்லாம் தனிச்செலவா என்று கடையில் முதலே கேளுங்கள்.

ரயர் கடினமான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். பற்றரி 7.2 வோல்ட் போதும்.

அப்புறம் உப்புக்காற்று. உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் காரைக் கொண்டுபோகவே வேண்டாம். ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் தூசி தட்டி, பெயாரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடிய பெட்டியில் வையுங்கள். என் முதல் காரின் பெயாரிங்குகள் ஒரே மாரியில் துருப்பிடித்து இறுகிவிட்டன.