கப்பல் சிறிதானால் கூட்டம் குறையுமா? டிக்கெட் எடுக்கும் முன் போடவேண்டிய கணக்கு

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற கார்டிலியா எம்ப்ரஸ், 1990-ல் பிரான்சில் கட்டிய கப்பல். அதன் கிராஸ் டன்னேஜ், அதாவது கப்பலின் பருமனைச் சொல்லும் எண், 48,563. வைக்கிங் ஸ்டார் 2015-ல் ஓடத் தொடங்கியது. அதன் கிராஸ் டன்னேஜ் 47,800 சொச்சம். பருமனில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் எம்ப்ரஸில் ஏறக்குறைய 800 அறைகள், அறைக்கு இருவர் என்றால் 1,600 பேர். வைக்கிங் ஸ்டாரில் 465 அறைகள், 930 பேர். இன்றைய அளவுக்கு இரண்டுமே சின்னக் கப்பல்கள்தான். ஒன்றில் காலை உணவுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேசை தேடவேண்டியிருக்கும். மற்றதில் எந்த மேசையில் உட்காரலாம் என்று யோசிக்கலாம்.

ஆகவே கப்பல் பெரிதா சிறிதா என்று பார்ப்பதைவிட, ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று வகுத்துப் பார்ப்பதே சரி. ஐந்து நிமிட வேலை.

வகுத்துப் பார்க்கும் முறை

கப்பலின் பெயரைத் தேடி மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிராஸ் டன்னேஜ், அறைக்கு இருவர் கணக்கில் பயணிகள் எண்ணிக்கை, அதிகபட்சப் பயணிகள் எண்ணிக்கை. முதல் எண்ணை மற்ற இரண்டாலும் தனித்தனியே வகுக்க வேண்டும்.

பெயரில் டன் இருந்தாலும் கிராஸ் டன்னேஜ் எடை அல்ல. கப்பலின் மூடிய பகுதிகள் எல்லாவற்றின் கன அளவிலிருந்து, 1969-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தின் சூத்திரப்படி கணக்கிடும் எண் அது. பெரிய கப்பல்களில் ஒரு கிராஸ் டன் சுமார் 3.2 கன மீட்டர் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விடை 30-க்குக் கீழே வந்தால் நெரிசலுக்குத் தயாராகவே போகவேண்டும். 30 முதல் 40 வரை இருந்தால் நேரம் பார்த்து நடமாடினால் சமாளிக்கலாம். 40-ஐத் தாண்டினால் தாராளம். 50-க்கு மேல் போனால் கூட்டம் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. இது சட்டமல்ல, அனுபவக் கணக்கு. முன்னே பின்னே இருக்கும்.

இப்போது போட்டுப் பார்ப்போம். எம்ப்ரஸ் 30-ஐ ஒட்டி நிற்கிறது; வைக்கிங் ஸ்டார் 51. வெறும் 600 பேரை ஏற்றும் சீபோர்ன் என்கோர் (டன்னேஜ் 41,865) 70-ஐ நெருங்குகிறது. பெரிய கப்பல்களில், சிங்கப்பூர்வாசிகளுக்குப் பழக்கமான கென்டிங் டிரீம் (150,695; சுமார் 3,350 பேர்) 45. கிட்டத்தட்ட அதே பருமனுள்ள குவீன் மேரி 2 (149,215, 2,691 பேர்) 55. 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ், 248,663 டன்னேஜும் 5,610 பேருமாக 44. ஆளுக்கு இடம் என்று பார்த்தால் அந்த ராட்சசக் கப்பல் எம்ப்ரஸைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தாராளம்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது வகுத்தலைப் போட்டால்தான் சங்கதி தெரியும். ஐகானில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர். 44 என்பது 33-க்கு இறங்கிவிடும். ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் (169,379) 4,246 பேரோடு 40, முழுதாக நிரம்பி 5,622 பேர் ஆனால் 30. எம்ப்ரஸில் 1,840 பேர் ஏறினால் 26. இரண்டு விடைகளுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அது குடும்பக் கப்பல். விடுமுறையில் ஒரு முகம், மற்ற நாளில் வேறு முகம். கப்பல் நிறுவனங்கள் அறைக்கு இருவர் இருந்தாலே நூறு சதவீதம் என்று கணக்கு வைப்பதால், 105, 108 சதவீதம் நிரம்பியது என்று அறிக்கை வந்தால் திகைக்க வேண்டாம். யாரும் தரையில் படுக்கவில்லை, குழந்தைகள் ஏறியிருக்கிறார்கள்.

இந்த எண் மறைப்பது என்ன

கிராஸ் டன்னேஜில் இயந்திர அறையும் சமையலறையும் பணியாளர் தங்குமிடமும் சேர்த்தி. திறந்த மேல்தளமும் பால்கனியும் சேர்த்தி இல்லை. பால்கனி அறைகள் மிகுந்த கப்பலில் பகலில் பாதிப்பேர் தங்கள் பால்கனியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பொது இடங்கள் காற்றாடும். வைக்கிங் ஸ்டாரில் எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. பழைய கப்பல்களிலோ ஜன்னல் இல்லாத உள் அறைகள் நிறைய. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவாகும் அந்த அறையில் எவ்வளவு நேரம்தான் இருப்பது? எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அதே எண் விகிதம் இருந்தும் இரண்டு கப்பல்கள் வேறுவேறாகத் தோன்ற இது முக்கியக் காரணம்.

இன்னொன்று, உங்களுக்குக் கதவு திறக்காத இடம். கப்பலுக்குள் ஒரு கப்பல் என்று விற்கும் சொகுசுப் பகுதிகள் இருக்கின்றன: கென்டிங் டிரீமில் பேலஸ், எம்எஸ்சி கப்பல்களில் யாட் கிளப், நார்வீஜியன் நிறுவனக் கப்பல்களில் ஹேவன். தனி நீச்சல் குளம், தனி உணவகம், தனி வெயில் தளம். டன்னேஜில் அவையும் சேர்ந்தே இருக்கும், ஆனால் சாதாரணச் சீட்டு வாங்கியவர் உள்ளே போக முடியாது. கூடுதல் கட்டண உணவகங்களும் கேசினோவும் அப்படித்தான்; சூதாடாதவர்களுக்கு கேசினோ என்பது கடந்து போகும் ஒரு நடைபாதை.

டெக் பிளானை எப்படிப் படிப்பது

நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு மாடியின் வரைபடமும் கிடைக்கும். அறையைத் தேர்ந்தெடுக்க மட்டும் அதைப் பார்ப்பது வீண். பொது மாடிகளைத் திறந்து, ஒவ்வொரு வசதியும் எத்தனை என்று எண்ணுங்கள். சின்னக் கப்பலின் பலவீனம் இங்கேதான் தெரியும்: ஒரே குளம், ஒரே பஃபே, ஒரே அரங்கு. அதில் ஒன்று நிரம்பினால் போக்கிடம் இல்லை. பெரிய கப்பலில் ஒரு பஃபே நிரம்பினாலும் பீட்சாக் கடை, கஃபே, இலவச உணவகம் என்று நாலு வழி இருக்கும். கூட்டம் தானாகப் பிரியும்.

மழையோ பலத்த காற்றோ வந்தால் மேல்தளத்தை மூடிவிடுவார்கள். அப்போது குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் உள்ளே வருவார்கள். ஆகவே மூடிய கூடங்கள், நூலகம், கஃபே, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட லவுஞ்ச் எத்தனை என்று தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். குளத்துக்குக் கூரை உண்டா என்பதையும் பாருங்கள். வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு இது அலங்காரக் கேள்வி அல்ல.

அரங்கின் இருக்கை எண்ணிக்கை தெரிந்தால், ஒரு இரவின் காட்சிகளால் அதைப் பெருக்குங்கள். மொத்தப் பயணிகளில் மூன்றில் இரண்டு பங்காவது வந்தால் போதும். எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை. அதற்கும் குறைந்தால் அரைமணி முன்னதாகப் போய் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் காட்சிகளுக்குச் செயலியில் முன்பதிவு உண்டு. கரையில் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

லிஃப்ட்கள் எத்தனை கொத்தாக இருக்கின்றன என்றும் பாருங்கள். இரண்டே கொத்து என்றால் நடுவில் உள்ளவர்கள் நிறைய நடப்பார்கள். போகவேண்டிய இடங்கள் மூன்று மாடிக்குள் இருக்கும்படி அறை எடுத்தால் படிக்கட்டே போதும். முதியவர்களோடும் சக்கர நாற்காலியோடும் போகிறவர்கள் லிஃப்ட் கொத்துக்குப் பக்கத்தில் எடுப்பதே சரி. சத்தம் கொஞ்சம் கேட்கும்.

எந்தத் தேதி, எத்தனை இரவு

இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள்தான் அதிக நெரிசல். குறைந்த நேரத்தில் எல்லாவற்றையும் அனுபவித்துவிடத் துடிப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பார்கள். அறைக்கு நான்கு பேராகவும் வருவார்கள். வார இறுதி சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதே கப்பலில் ஐந்து இரவு போனால் மூன்றாம் நாள் கூட்டம் தணிந்துவிடும். மக்களுக்குத் தூங்கவும் தோன்றும்.

மே மாதம், தீபாவளி, பொங்கல் விடுமுறைகளோடு, கப்பல் கிளம்பும் நாட்டின் பள்ளி விடுமுறையையும் பாருங்கள். சிங்கப்பூரில் ஜூனும் டிசம்பரும். நம் ஊர்ப் பள்ளிகள் திறந்த ஜூன் மாதத்தில் சிங்கப்பூர்க் கப்பல் காலியாக இருக்கும் என்று நினைப்பது வழக்கமான தப்பு.

கரையில் இறங்கும்போது

சின்னக் கப்பல் உண்மையாகவே வெல்வது இங்கே. துறைமேடை இல்லாத ஊர்களில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு, படகில் ஆட்களைக் கரைசேர்க்கும். தாய்லாந்தின் கோ சாமுய், கிரீஸின் சான்டோரினி இரண்டும் அப்படி. ஒரு படகில் 120 பேர், மூன்று படகுகள், போய்வர 40 நிமிடம் என்று வையுங்கள்: மணிக்கு 540 பேர். 900 பேரை இரண்டு மணிக்குள் இறக்கிவிடலாம். 4,000 பேர் என்றால் ஏழு மணிநேரம். கரையிலிருந்து கூடுதல் படகுகளை வாடகைக்கு எடுத்தாலும் வரிசை வரிசைதான். பயணத் திட்டத்தில் ‘டெண்டர்’ என்று குறித்த ஊர்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் பெரிய கப்பலைத் தவிர்க்கலாம்.

சில இடங்களுக்குப் பெரிய கப்பல் போகவே முடியாது. வெனிஸில் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு ஜியுடெக்கா கால்வாய் 2021 ஆகஸ்டிலிருந்து மூடப்பட்டுவிட்டது. அண்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது; 500-க்கு மேல் பயணிகளை ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே முடியாது. அங்கே 200 பேர் போகும் கப்பலுக்கும் 450 பேர் போகும் கப்பலுக்கும் வித்தியாசம் பனியில் நிற்கக் கிடைக்கும் மணிநேரத்தில் தெரியும்.

உங்கள் கப்பல் சின்னதாக இருந்தும் ஊர் நிரம்பி வழியலாம். துறைமுகங்களின் வருகை அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதே நாளில் வேறு எந்தக் கப்பல் வருகிறது என்று பாருங்கள். மூன்று பெரிய கப்பல்களுக்கு நடுவே உங்கள் 900 பேர் இறங்கினால் சின்னக் கப்பலுக்குக் கொடுத்த கூடுதல் காசு அன்று கடலில் கரைத்த பெருங்காயம்.

ஏறிய பிறகு

முதல் நாள் மதியம் பஃபேதான் கப்பலிலேயே நெரிசலான இடம். அறை இன்னும் தயாராகாததால் கைப்பையும் குழந்தையுமாக எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள். கூடுமானவரை முதல் நேரத்திலேயே ஏறிவிடுங்கள், அல்லது வெளியே சாப்பிட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ஏறுங்கள். முதன்மை உணவகம் அன்று மதியம் திறந்திருந்தால், அது பலருக்குத் தெரியாது; ஏறும்போதே பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கு இப்போது பல கப்பல்களில் காணொளியைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கூடும் இடத்தில் முகம் காட்டினால் போதும். ஏறிய கையோடு முடித்துவிட்டால் மாலை லிஃப்ட் நெரிசலில் மாட்டவேண்டாம்.

கடலிலேயே கழியும் நாட்களில் பஃபேக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். எட்டரை முதல் பத்து வரை திருவிழா. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் முதல் கவுண்டரில் நிற்காமல் கடைசிவரை நடங்கள். பெரும்பாலான பஃபேக்களில் இருபுறமும் அதே பதார்த்தங்கள்தான். காட்சி முடிந்ததும் பத்து நிமிடம் இருக்கையிலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள், அல்லது படியில் இறங்குங்கள். துறைமுக நாளில் எல்லோரும் ஊர்சுற்றப் போனபிறகு குளமும் வெந்நீர்த் தொட்டியும் சும்மா கிடக்கும். முன்பே பார்த்த ஊர் என்றால் அன்று கப்பலிலேயே இருந்துவிடுவது லாபம்.

இறங்கும் காலையில், பெட்டிகளை முந்தின இரவே வாசலில் வைத்தவர்கள் எண் வாரியாகக் காத்திருக்க வேண்டும். பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொள்கிறவர்கள் முதலில் இறங்கலாம். ஆனால் அந்த வரிசையே மாடிப்படி வரை நீளும், லிஃப்டில் பெட்டியோடு இடம் கிடைக்காது. விமானத்துக்கு அவசரமில்லை என்றால் கடைசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காலியான உணவகத்தில் இன்னொரு காபி சாப்பிடலாம்.