முதலில் பங்கை எண்ணுங்கள், லாபத்தை அப்புறம் பார்க்கலாம்

2025 ஜூலையில் ஒரு நாள் திருநெல்வேலி பெருமாள்புரத்து அண்ணாச்சி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "ஏ தம்பி, இம்புட்டு லாபம் எனக்கு எப்பம் வந்துச்சு?" பங்கு விற்ற லாபத்தை வரிக்காகக் கணக்கிடும் மென்பொருளின் திரையில் 4,12,000 ரூபாய் லாபம் என்று நின்றது. 2024-25 நிதியாண்டு முழுக்க அவர் பங்கு விற்றதே ஐந்து லட்சத்துக்குள்தான்.

மென்பொருள் கணக்கில் பிசகவில்லை. அண்ணாச்சி சில வருடங்களுக்கு முன் பழைய தரகரிடமிருந்து பங்குகளைப் புது தரகரின் டீமேட்டுக்கு (மின்னணுப் பங்குக் கணக்குக்கு) மாற்றியிருக்கிறார். இப்போது இறக்கியது புது தரகரின் டிரேட்புக், அதாவது வாங்கல் விற்றல் பட்டியல், மட்டும். அதில் விற்ற பதிவு இருக்கிறது, வாங்கிய பதிவு இல்லை. வாங்கிய விலை தெரியாத பங்குக்கு அந்த மென்பொருள் பூஜ்யம் போட்டுக்கொண்டது. விற்ற காசெல்லாம் லாபம்!

இந்த வகைத் தவறைப் பிடிக்க ஒரே ஒரு பழக்கம் போதும். பாளை மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரரும் இருப்பை எண்ணாமல் வருடக் கணக்கை முடிப்பதில்லை. அதேபோல, கோப்புகளை இறக்கியதும் லாபப் பக்கத்தைத் திறக்காதீர்கள். மார்ச் 31 அன்று எந்தப் பங்கு எத்தனை இருந்தது என்று மென்பொருள் சொல்வதையும், நம் பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மென்பொருளின் எண்ணிக்கை குறைந்தாலோ மைனஸில் போனாலோ பெரும்பாலும் ஏதோ ஒரு வாங்கல் விடுபட்டிருக்கிறது. கூடுதலாக இருந்தால் விற்பனை விடுபட்டிருக்கிறது, இல்லை ஒரே கோப்பு இரண்டு முறை ஏறியிருக்கிறது.

இரண்டு முறை ஏறிவிட்டதே என்று எக்செலில் 'டூப்ளிகேட்' நீக்கும் பொத்தானை அழுத்துவது அதைவிட மோசம். 100 பங்குக்கு ஒரு ஆர்டர் போட்டால் சந்தையில் அது 25, 25, 50 என்று துண்டு துண்டாக நிறைவேறலாம். அந்த இரண்டு 25-ம் ஒரே விலை, ஒரே நேரம், ஒரே ஆர்டர் எண். டிரேட் எண் மட்டும்தான் வேறு. அந்த எண் இருக்கும் நெடுவரிசையை விட்டுவிட்டு ஒப்பிட்டால் நிஜமான ஒரு 25 காணாமல் போகும். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஆகவே தரகர் தளத்திலிருந்து வந்த சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து 'சேவ்' கொடுக்கவே கூடாது. வந்தபடியே மென்பொருளுக்குக் கொடுங்கள். பார்க்க வேண்டுமென்றால் ஒரு நகல் எடுத்துத் திறங்கள்.

சரி, எண்ணிக்கை ஒத்துப்போய்விட்டது. அதன் பிறகும் ஏமாற்றக்கூடியவை உண்டு. முதலாவது தேதி.

கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05-08-2024 என்பதை மே 8 என்று படிக்கும். நாம் விற்றது ஆகஸ்ட் 5. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 2024 ஜூலை 23 வருகிறது. அன்றிலிருந்து குறுகிய கால லாபத்துக்கு வரி 15 சதவீதத்திலிருந்து 20 ஆனது, நீண்ட கால லாபத்துக்கு 10 சதவீதம் 12.5 ஆனது. தேதி புரண்டால் குறைவாக வரி கட்டிவிட்டு நோட்டீஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வாங்கிய தேதி புரண்டால் ஒரு வருடம் தாண்டிய பங்கு தாண்டாததாகி, நீண்ட கால லாபம் குறுகிய கால லாபமாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: நகலை எக்செலில் திறந்து தேதி நெடுவரிசையைப் பாருங்கள். 12-ம் தேதிக்கு மேற்பட்டவை இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் நிற்பவை மாதமும் நாளும் இடம் மாறியவை.

அடுத்தது போனஸும் பிரிப்பும். என் அனுபவத்தில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாக்கும் முகமதிப்புப் பிரிப்பு என்றால் வாங்கிய விலையும் சேர்ந்து பிரியும், வாங்கிய தேதி பழையதே. நிறுவனம் இலவசமாகத் தரும் போனஸ் அப்படி இல்லை. பழைய பங்கின் விலை அப்படியே நிற்கும், போனஸ் பங்கின் விலை பூஜ்யம், அதன் தேதி ஒதுக்கப்பட்ட நாள். சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகப் பாவித்து விலையைச் சராசரியாக்கிவிடும். எண்ணிக்கை சரியாகவே இருக்கும் என்பதால் சந்தேகமே வராது.

ரிலையன்ஸை வைத்துப் பார்ப்போம். 2023 ஜூலையில் அதிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. ஒன்றுக்கு ஒன்று. வாங்கிய விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கு, 4.68 சதவீதம் ஜியோவுக்கு. 1,500 ரூபாய்க்கு வாங்கிய பங்கென்றால் 1,429.80-ம் 70.20-ம். ஜியோவின் தேதியும் ரிலையன்ஸ் வாங்கிய தேதிதான். டிரேட்புக்கில் இதற்கு ஒரு பதிவுகூட இருக்காது, ஏனென்றால் யாரும் எதையும் வாங்கவில்லை. பிறகு 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். அதற்கப்புறம் ஒரு பங்கை 1,300-க்கு விற்றால், முதலில் வந்தது முதலில் போகும் என்ற விதிப்படி பழைய பங்குதான் போகிறது. 129.80 நஷ்டம். சராசரி போட்ட மென்பொருள் வாங்கிய விலையை 714.90 என்று வைத்துக்கொண்டு 585 ரூபாய் லாபம் காட்டும்.

அந்த 'முதலில் வந்தது' விதியும் ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. உங்கள் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலக்கிவிட்டால் தவறான பங்கு விற்றதாக ஆகும். வீட்டுக்காரியின் கணக்கையும் அம்மாவின் கணக்கையும் "எல்லாம் நம்ம காசுதானே" என்று ஒரே போர்ட்ஃபோலியோவில் போடுபவர்களும் இருக்கிறார்கள். வரித்துறைக்குப் பான் எண்தான் கணக்கு. அப்பா இறந்து உங்கள் பெயருக்கு வந்த பங்கு என்றால், அவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்களுக்கு வரும். மென்பொருள் போடும் பெயர்மாற்றத் தேதியைக் கையால் திருத்த வேண்டும்.

நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று: தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் பங்கு. 2018 பிப்ரவரிக்கு முன் வாங்கிய பங்குகளுக்கு, 2018 ஜனவரி 31 அன்றைய சந்தையின் அதிகபட்ச விலையை மென்பொருள் தானே தேடி, வாங்கிய விலையோடு ஒப்பிடும். இந்த பேங்க் பட்டியலானதே 2022 செப்டம்பரில். தேடினால் கிடைக்காது. பட்டியலாகாமல் இருந்த பங்குக்குச் சட்டம் வேறு சூத்திரம் வைத்திருக்கிறது: வாங்கிய விலையை 272-ஆல் பெருக்கி, வாங்கிய ஆண்டின் பணவீக்கக் குறியீட்டால் வகுக்க வேண்டும். 2010-11 என்றால் குறியீடு 167, ஆயிரம் ரூபாய் சுமார் 1,629 ஆகும். விற்ற விலை இதைவிடக் குறைவாகவும் வாங்கிய விலையைவிட அதிகமாகவும் இருந்தால் இந்த எண்ணுக்குப் பதில் விற்ற விலையைத்தான் எடுக்க வேண்டும். இதை ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

ஒரே நாளில் வாங்கி விற்றவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், அது ஊக வணிக வருமானம். எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரியை மூலதன லாபத்தில் செலவாகக் கழிக்க முடியாது, தரகுக் கட்டணத்தைக் கழிக்கலாம்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். பழைய தரகர் 2016-ல் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டுகள் (ஒவ்வொரு நாள் வாங்கல் விற்றலுக்கான ரசீதுகள்) அவருடைய மெயிலிலேயே கிடந்தன. பாஸ்வேர்டு பான் எண். ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றினோம், ஒரு சாயங்காலம் போயிற்று. லாபம் 58,000 ரூபாய், அத்தனையும் நீண்ட காலம். நீண்ட கால லாபத்துக்கு உள்ள 1,25,000 ரூபாய் வரி விலக்குக்கு உள்ளேயே அடங்கிவிட்டது. கிளம்பும்போது, வீட்டுக்காரியின் டீமேட்டும் அதே பழைய தரகரிடம்தான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார்.